எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய டிப்பர்

இரவல் கொடுத்த பொருளை மீட்பது எப்படி என்று யாராவது புத்தகம் எழுதினால், அதற்கு முன்னுரை எழுதும் தகுதி எனக்கு உண்டு. நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவருடைய சார்ஜரையோ குடையையோ இன்னொருவர் வாங்கிக்கொண்டு 'அப்புறம் தர்றேன்' என்று இழுத்தடித்தால், பறிகொடுத்தவர் நேராக என் மேசைக்குத்தான் வருவார். நான் போய் நின்றாலே பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேரும் கொடுப்பார்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இந்தத் திறமை எப்போது வந்தது என்று கேட்கிறவர்களிடம், மைசூரில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஓர் ஆயுத பூஜை சாயங்காலம் வந்தது என்று சொல்வேன். முழுக் கதையையும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுப் புது லேஅவுட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குள் எந்த வீடு எழும்பினாலும் அதற்கு ஜல்லியும் மண்ணும் எங்கள் அப்பா கொண்டுபோய்க் கொட்டியதுதான் என்று நான் நம்பினேன், பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லவும் சொன்னேன். வண்டி அப்பாவுடையது அல்ல. எங்கள் சொந்த ஊரான ராமாபுரம் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, மண் விற்றே மாடி வீடு கட்டிய ஒருவருடையது. ஊர்க்காரர் என்பதால் அப்பாவுக்கு வேலை கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பின் தெருவில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். அவர் மகன் படிக்கிற பள்ளியிலேயே எனக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அந்த மகன்தான் ஹேமந்த். என் வகுப்பு, என் பெஞ்சு, என் சிநேகிதன். அப்பா ஓட்டிய டிப்பரின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, இரண்டு பக்கமும் பூப்போட்டு நடுவில் கன்னட எழுத்தில் 'ஹேமந்த்' என்று எழுதியிருக்கும். என் பெயரை ஏன் எழுதவில்லை என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். பெயிண்ட் தீர்ந்துபோய்விட்டது என்றார். அடுத்த தடவை டப்பாவைக் கொஞ்சம் பெரிதாக வாங்கச் சொன்னேன்.

எனக்கும் ஒரு டிப்பர் இருந்தது. முந்தைய வருஷம் தசரா முடிந்து எக்ஸிபிஷன் மட்டும் நடந்துகொண்டிருந்த சமயத்தில் வாங்கியது. அம்மா இட்லிச் சட்டி பார்க்கப் போக, நான் பொம்மைக் கடை முன்னால் வேர்விட்டு நின்றுவிட்டேன். மஞ்சள் தகரம், என் முழங்கை நீளம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கம்பி உண்டு, அதை இழுத்தால் பின்தொட்டி மேலே எழும்பும், கதவு தானாகத் திறந்து சரக்கு கொட்டும். அப்பா அதைக் கையில் வாங்கி, நிஜ வண்டி வாங்குகிறவர் போலக் கவிழ்த்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றி விட்டார். ஆக்ஸில் நேராக இருக்கிறது, நல்ல வண்டி என்றார். அதோடு நிறுத்தவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு என் வண்டியும் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும், அதற்கும் மாலை உண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் உண்டு என்று சொல்லிவிட்டார். குழந்தையிடம் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. நான் அந்த வருஷம் முழுவதும் அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தேன்.

அப்படிப்பட்ட வண்டியைத்தான் தசரா லீவு விட்ட அன்றைக்கு ஹேமந்த் ஒரே ஒரு நாளுக்கு என்று கேட்டான். அவனிடம் ரிமோட் கார் இருந்தது, தண்டவாளத்தோடு ரயில் இருந்தது, ஆனால் பாரம் ஏற்றிக் கொட்டுகிற மாதிரி ஒன்றும் கிடையாது. சிநேகிதன் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வருமா? கொடுத்தேன். மறுநாள் போய்க் கேட்டேன், நாளைக்கு என்றான். நாளைக்குப் போனேன், அம்மா தூங்குகிறார்கள் என்றான். அடுத்த நாள் நவராத்திரி பிறந்துவிட்டது, அவர்கள் வீட்டில் பொம்மை வைத்துவிட்டார்கள்.

நவராத்திரிக்குப் பொம்மை வைப்பது மைசூரில் தெருவுக்குத் தெரு உண்டு. பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, 'பொம்பெ கூர்ஸிதீரா?' என்று கன்னடத்தில் கத்துவோம். பொம்மைகளை உட்கார வைத்துவிட்டீர்களா என்று கேள்வி. வைத்திருந்தால் உள்ளே கூப்பிட்டுக் காட்டி, கையில் சுண்டல் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த வழக்கமே இல்லை. ஹேமந்தின் அம்மாவும் மாடி வீடு கட்டிக் குடிவந்த பிறகு, அந்தத் தெருவில் எல்லோரும் வைக்கிறார்களே என்று ஆரம்பித்தவர்தான். அவரை நான் ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டும், அதுவும் மாடி வீட்டோடு வந்த வழக்கம். நல்ல மனுஷி, ஆனால் பாவம், பொம்மை விஷயத்தில் அவருக்கு எல்லாமே பயம். படி இரட்டைப்படையில் இருக்கக்கூடாது என்று எதிர் வீட்டு அம்மா சொன்னால் மொத்தத்தையும் இறக்கி மறுபடி அடுக்குவார். ராஜா ராணி பொம்மைக்கு இந்தப் பக்கம் முகம் இருக்கக்கூடாது என்று இன்னொருவர் சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பி வைப்பார். எது சாஸ்திரம், எது பக்கத்து வீட்டுக்காரியின் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால், காதில் விழுந்ததையெல்லாம் கடைப்பிடித்தார்.

முதல் நாள் சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். மேல் படியில் சாமுண்டி, அடுத்தடுத்த படிகளில் தெய்வங்கள், செட்டியார், கல்யாணக் கோலம் எல்லாம் இருந்தன. கீழே தரையில் கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி செய்து, அட்டையில் வீடுகள் நிறுத்தி, ஒரு புது லேஅவுட்டே போட்டிருந்தார்கள். அதன் நடுவில், தொட்டியைத் தூக்கிக் கடுகு கொட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு என் டிப்பர் நின்றது.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. குனிந்து கையை நீட்டினேன். ஆன்ட்டி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உக்கார வெச்ச பொம்மைய அசைக்கப்படாது சாமி. விஜயதசமி முடியோணும்.”

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஹேமந்த் சிரித்தான். வெளியே கேட்டுக்கு அருகில் அவனைப் பிடித்தேன். விஜயதசமி முடிந்ததும் கொடுத்துவிடு என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கொடுக்க முடியாது என்றான். தன் வீட்டுப் பொம்மையோடு உட்கார்ந்துவிட்டதால் அது தன் வீட்டுப் பொம்மை ஆகிவிட்டதாம். தசரா முடிந்ததும் மற்ற பொம்மைகளோடு துணி சுற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்களாம், இனி அடுத்த நவராத்திரிக்குத்தான் இறக்குவார்களாம். இவ்வளவு சொல்லிவிட்டு, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னான்.

“எந்த டிப்பரா இருந்தாலும் எங்கப்பாதுதான். உங்கப்பா ஓட்டறதே எங்கப்பாதுதானே?”

அவன் கையைக் கடித்திருப்பேன். வாய் நிறையச் சுண்டல் இருந்ததால் தப்பித்தான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவுக்கு விஷயம் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அந்த வீட்டில் போய் வாய் காட்டினாயா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அப்பா குளித்துவிட்டு வந்து முழுவதையும் கேட்டார். என் தலையில் கையை வைத்துக்கொண்டு, வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். எனக்கு வேறு வண்டி வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டுப் பையன் விளையாடிவிட்டுப் போகட்டும் என்றார். ஒரு லோடு ஜல்லியோடு சந்துக்குள் ரிவர்ஸிலேயே போய் வருகிற மனுஷன், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தகர வண்டியைக் கொண்டுவர முடியாது என்கிறாரே என்று எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அன்று அவர் ஊட்டிய சோற்றை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் சுண்டல் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாலும் நான் மட்டும் பொம்மை முன்னாலேயே நிற்பேன். இந்த வயதில் எவ்வளவு பக்தி பாருங்கள் என்று ஆன்ட்டி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நான் சாமுண்டியைப் பார்க்கவே இல்லை. என் வண்டியின் தொட்டிக் கதவு சரியாக மூடுகிறதா, சக்கரத்தில் ஈரம் பட்டுத் துரு ஏறுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே அப்பா பெரிய டிப்பரைக் கழுவிவிட்டார். காலையில் லாரி ஷெட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார், நான் உர்ரென்றே போனேன். டயருக்குக் கறுப்புப் பூசி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டு, கண்ணாடி முழுக்கச் சந்தனம் வைத்து, அப்பா வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை ஆக்கிவிட்டிருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் என் டிப்பர் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் யாரோ தேங்காய்த் தட்டை வைத்தார்கள். நான் அதைக் காலால் நகர்த்தி வைத்தேன்.

முதலாளி பட்டு வேட்டியில் வந்தார், கூடவே புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஹேமந்த். பூஜை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தார்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா சாவியை எடுத்து, பூச்சுற்றி, இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார். முதலாளி ஏறி உட்கார்ந்து ஹேமந்தை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கார் ஓட்டித்தான் பழக்கம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. எலுமிச்சம்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா கதவுப் பக்கம் ஓடிப்போய், கிளட்சை மெதுவாக விடச் சொல்லித் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வண்டி துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது, பழம் நசுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் கைதட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தினமும் ஓட்டுகிறவர் அப்பா, அவர் ஏறியிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்குமே. நீங்கள் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன். அப்பா வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“வண்டி யாருதோ அவங்கதான் கண்ணு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தோணும். அதுதான் மொறை.”

அடடா என்றிருந்தது எனக்கு. உர்ரென்றிருந்த முகம் அந்த நிமிஷமே தெளிந்துவிட்டது. வண்டி யாருடையதோ அவர்கள்தான் ஏற்ற வேண்டும். இது முறை. முறை என்று ஒன்றிருந்தால் ஆன்ட்டிக்குத் தெரிய வேண்டாமா? பூஜைத் தட்டில் மீந்துகிடந்த எலுமிச்சம்பழங்களில் ஆகச் சின்னதாகப் பார்த்து மூன்று பொறுக்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் திரட்டினேன். வழக்கமாக வராத குட்டிகளைக்கூட, அந்த வீட்டில் இன்றைக்கு ரவை உருண்டை என்று பொய் சொல்லி இழுத்துப்போனேன். எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. நல்லவேளையாக எதிர் வீட்டு அம்மாவும் இன்னும் இரண்டு கன்னடத்து அம்மாக்களும் பட்டுப்புடவையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டிக்குச் சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இவர்கள்தான். ஆன்ட்டி குங்குமச் சிமிழோடு அவர்கள் முன்னால் மாணவி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நான் பொம்மை முன்னால் கைகூப்பினேன். கண்ணை மூடித் திறந்தேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நல்ல கன்னடத்தில், இந்த வண்டிக்கு ஆயுத பூஜை பண்ணிவிட்டீர்களா ஆன்ட்டி என்று கேட்டேன்.

ஜமக்காளத்தில் பேச்சு நின்றது. 'ஹௌதல்லா' என்றார் எதிர் வீட்டு அம்மா, அட ஆமாம் என்று மோவாயில் விரலை வைத்துக்கொண்டு. வீட்டில் இருக்கிற சக்கரம் எதையும் இன்றைக்கு விடக்கூடாது, தையல் மிஷினுக்குக்கூடத் தான் பண்ணிவிட்டதாக அவர் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், விட்டால் வருஷம் முழுக்க வண்டிக்கு ஆகாது என்று தன் பங்குக்குச் சேர்த்தார். ஆன்ட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. கார், ஸ்கூட்டர், ஏழு லாரி எல்லாவற்றுக்கும் பண்ணியாயிற்று, இதை எப்படி மறந்தோம் என்று பதறி, ஓடிப்போய் மஞ்சளும் பூவும் கொண்டுவந்தார். பொம்மையை அசைக்காமலே அதற்குப் பொட்டு வைத்து, பூ சார்த்தி, கற்பூரம் காட்டினார். நான் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன். சமயத்தில் கொண்டுவந்தாயே என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்று வைத்தாயிற்று. மூன்றாவது என் பையிலேயே இருந்தது.

இப்போது வண்டியை ஏற்ற வேண்டும். உட்கார வைத்த பொம்மையை அசைக்கக்கூடாதே என்று ஆன்ட்டி தயங்கினார். ஜமக்காளத்தில் வழக்கு நடந்தது. பொம்மை வேறு, வண்டி வேறு, பூஜை போட்ட வண்டியை நகர்த்தாமல் விட்டால்தான் தோஷம் என்று எதிர் வீட்டு அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். உடனே ஹேமந்த் நான் ஏற்றுகிறேன் என்று பாய்ந்து வந்தான். காலையில் நிஜ வண்டியில் ஏறியவன் அல்லவா!

நான் அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். தமிழில்தான் சொன்னேன்.

“வண்டி யாருதோ அவங்கதான் ஏத்தோணும். சாமுண்டியம்மா முன்னால சொல்லு ஹேமந்த், இது யாரு வண்டி?”

அவனுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், சாமி முன்னால் பொய் சொல்லமாட்டான். சொன்னால் கண் அவிந்துபோகும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நம்பிக்கை. விளக்கைப் பார்த்தான், சாமுண்டியைப் பார்த்தான், சிங்கத்தைப் பார்த்தான். அவன் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருது கண்ணு என்று அவரும் மெதுவாகக் கேட்டார். தரையைப் பார்த்துச் சொன்னான்.

“அவளுதுதான்.”

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். எட்டு நாளாக நான் அந்த இடத்தில் நின்ற பக்தி அவருக்கு அப்போது புரிந்ததோ என்னவோ. ஜமக்காளத்து அம்மாக்களுக்குத் தமிழ் அரைகுறை, என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். ஆன்ட்டி அவர்களிடம், வண்டிக்காரியே வந்திருக்கிறாள், அவளே ஏற்றட்டும் என்று சிரித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னார். கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி அங்கேயே வைத்துவிடு என்று என்னிடமும் சொன்னார்.

நான் தொட்டியை இறக்கினேன். மீதிக் கடுகு புல்லில் சிதறியது. இரண்டு உள்ளங்கையையும் வண்டியின் மேல் அழுத்தி முன்னால் தள்ளினேன். பழம் உருளப் பார்த்தது, விடவில்லை. என் முழுப் பலத்தையும் கொடுத்தேன். ஒரு பழம் பொளக்கென்று உடைந்தது, அடுத்து இன்னொன்று. அம்மாக்கள் கைதட்டினார்கள். வண்டி ஏறிவிட்டது.

ஏறிய வண்டியை நான் நிறுத்தவில்லை.

கேழ்வரகுப் புல்லைத் தாண்டி, ஜமக்காளத்தைச் சுற்றி, மண்டியிட்டபடியே தள்ளிக்கொண்டு போனேன். பட்டுப்புடவைகள் ஒதுங்கி வழிவிட்டன. இதுவும் பூஜையில் சேர்ந்தது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் என் மேல் அட்சதை போட்டார். வாசற்படியை எட்டியபோது ஹேமந்த் சுதாரித்துக்கொண்டு, ஏய் என்று வாயைத் திறந்தான். முழுதாகக் கத்துவதற்குள் ஆன்ட்டியின் கை அவன் வாயைப் பொத்தியது.

“பொறப்பட்டுப் போற வண்டியப் பின்னால கூப்பிடப்படாது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. புறப்பட்டுப் போகிற வண்டிக்காரி திரும்பியும் பார்க்கக்கூடாது, அதுவும் முறைதான். அவர் சாஸ்திரத்துக்குப் பயந்து பொத்தினாரா, வேறு எதற்காவது பொத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார் இறங்குகிற சரிவில் டிப்பர் தானாகவே கடகடவென்று இறங்கியது. தெருவுக்கு வந்த பிறகும் நான் அதைக் கையில் தூக்கவில்லை. தூக்கினால் பூஜை கலைந்து, வண்டி மறுபடி பொம்மையாகி, பொம்மை மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்று பயம். முதுகு வளைந்தபடி, தெரு நெடுகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பின்னால் சுண்டல் பொட்டலங்களோடு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அரண்மனையிலிருந்து யானை ஊர்வலம் கிளம்பும், ஊரே போய்ப் பார்க்கும். எங்கள் தெருவில் ஊர்வலம் ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டது.

ஹேமந்த் என்னோடு காய் விட்டான். லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கே பழமும் விட்டான். டிப்பரைப் பற்றி மட்டும் அவனும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து அம்மா வெளியே வந்தாள். நான் மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி வீட்டில் போய் என்ன வேலை பண்ணிவிட்டு வந்திருக்கிறாய், இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். அப்பா உள்ளேயிருந்து வந்தார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எலுமிச்சம்பழம் உடைந்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், ஹேமந்தின் வாயைப் பொத்திய இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா மறுபடி, கொடுத்துவிட்டு வரட்டும் என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அது அவளுது” என்றார் அப்பா.

பிள்ளைகள் கலைந்து போனார்கள். என் பையில் ஒரு எலுமிச்சம்பழம் மிச்சமிருந்தது ஞாபகம் வந்து எடுத்துக் காட்டினேன். அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் அதை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மொதலாளி, நானொருக்கா ஏத்திக்கட்டுங்களா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ம் என்றேன்.

அப்பா லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இடதுகாலை, கிளட்சை மிதிக்கிற மாதிரி, தரையில் அழுத்தி மெதுவாக விட்டார். வாயால் எஞ்சின் சத்தம் எழுப்பினார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. சக்கரம் பழத்தைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, அலுங்காமல் ஏறியது. பழம் நடுவில் சுத்தமாகப் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது. வண்டி குலுங்கவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. அம்மா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் உடைந்த பிறகும் அப்பா கையை வண்டியிலிருந்து எடுக்கவில்லை. அதன் நெற்றியில், பெயர் எழுதுகிற இடத்தில், கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை இல்லை. என் வண்டி. போதும், சாவியைக் கொடுங்கள் என்று முதலாளி மாதிரி குரலைத் தடிமனாக்கிக்கொண்டு கையை நீட்டினேன். அப்பா எழுந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். காலையில் கொடுத்த மாதிரியே, கொஞ்சம் குனிந்து, இல்லாத சாவியை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நான் ஒரு கையால் வாங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு இவ்வளவு நன்றாக விளையாட வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.